கித்தேரிக்கு அடித்த மணி

சங்கந்துறைக்குப் போய், உயிரோடிருந்த பொம்பளைக்குத் துக்கமணி அடித்து, அந்த ஓசை ஐம்பத்திரண்டு நாள் ஓயாமல் ஊர்மேல் நின்றதாமே, மெய்தானா என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார்களே தவிர, வாயைப் பிளக்க மாட்டார்கள். "ஆமா, கித்தேரிக்கு அடிச்ச மணி. அந்த வருசந்தான் வள்ளமெல்லாம் வெயில்ல கெடந்து வெடிச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டு, வெடித்த வள்ளத்தை எப்படி அடைத்தோம் என்று அதைத்தான் பேசுவார்கள். மணியை அடித்தது கித்தேரியின் மகள் மெர்சலின் என்பதைத் தாங்களாக எடுக்க மாட்டார்கள். பதினேழு வயதுப் பிள்ளையின் தப்பை ஊர் வாயில் போட்டு மெல்லக் கூடாது என்று ஒரு இது. ஆனால் அவளை விட்டுவிட்டு அந்த மணியைச் சொல்ல முடியாது, அதனால் சொல்கிறேன்.

மெர்சலினின் அப்பா சந்தியாகு சூசையப்பர் கோயிலில் கோயில்பிள்ளை. கோயிலைக் கூட்டுவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, காலை நடுப்பகல் மாலை என்று மூன்று வேளை மணியடிப்பது, ஊரில் யாராவது கண்ணை மூடினால் துக்கமணி அடிப்பது எல்லாம் அவர் பாடு. துக்கமணிக்கு ஒரு முறை உண்டு. வயசுக்கு ஒரு அடி. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லி முடிக்க வேண்டும். எண்பது வயசுக் கிழவி போனால் எண்பது அடி. ஊர் அவரவர் இருந்த இடத்தில் நின்று எண்ணி, எண்ணிக்கையை வைத்தே யாரென்று தெரிந்துகொள்ளும். முதல் அடி விழுந்ததிலிருந்து அடக்கம் முடியும்வரை ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது. சந்தியாகு மகளுக்கு இதெல்லாம் சின்னதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். "மணியடிக்கிறவன் அழக் கூடாதுட்டி. அழுதா எண்ணிக்கை தப்பும். செத்தவுக வயசை நாம கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அழணும்னா அடிச்சு முடிச்சுட்டு அழு" என்பார்.

கித்தேரி போன கார்த்திகையில் கோயில் கொடியேறிய நாளில் நாற்பத்தொன்றில் கால் வைத்தவள். தை பிறந்ததும் வயிற்றுக்குள் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். ஆவணி வரைக்கும் டவுன் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்குமாக அலைந்து, தலைமுடி போய், உடம்பு போய், கடைசியில் டாக்டர், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். சந்தியாகுவின் போனில் சார்ஜ் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் வேறு வண்டியும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரே ஒரு வெள்ளை வேன்தான். அந்த வேனைப் பார்த்தாலே சங்கந்துறைக்குத் தெரியும், அது ஊருக்குள் வந்தால் பெட்டியோடுதான் வரும். சந்தியாகு இருந்த இருப்பில் அதையெல்லாம் யோசித்தாரா என்ன, பெண்டாட்டியைத் தூக்கி உள்ளே படுக்க வைத்துக்கொண்டு ஏறிவிட்டார்.

அப்பா ஊரில் இல்லாததால் நடுப்பகல் மணி அடிக்க வந்த மெர்சலின், கோபுரத்து ஜன்னல் வழியாக, உப்பளத்து ரோட்டில் அந்த வேன் மெள்ள வருவதைப் பார்த்தாள். ஊர் எல்லையில் மணலில் சக்கரம் புதைந்து வேன் நின்றது. பார்த்த ஆம்பிளைகள் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிப்போய், மரியாதைக்குக் கதவைத் திறக்காமல், அழுதுகொண்டே வேனைத் தள்ளினார்கள். பக்கத்து வீட்டுச் சலேத்து சித்தி மாரில் அடித்துக்கொண்டு "எங்க அக்காளே" என்று ஒப்பாரியைத் தொடங்கினாள். கோயில்பிள்ளை வந்து சொல்லாமல் துக்கமணி அடிக்கக் கூடாது என்பது மெர்சலினுக்குத் தெரியும். ஆனால் எட்டு மாதமாக இந்த நாளுக்குப் பயந்து பயந்து, பள்ளிக்கூடத்திலும் படுக்கையிலும் நாற்பத்தொன்றுவரை எண்ணிப் பார்த்துப் பழகிய பிள்ளை அவள். கை தன்னாலே கயிற்றைப் பிடித்துவிட்டது. ஒன்று, அருள் நிறைந்த மரியே. இரண்டு, அருள் நிறைந்த மரியே. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, எண்ணிக்கை தப்பவில்லை, அப்பா சொன்னபடியே அடித்தாள். நாற்பதாவது அடி விழுந்தபோது வேன் கோயில் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது, பின்கதவு திறந்தது, சந்தியாகுவின் தோளைப் பிடித்துக்கொண்டு கித்தேரி இறங்கினாள்.

"யாருக்கு மணி? யாரு போயிட்டாவ?" என்று கேட்டாள்.

மாரில் அடிக்கத் தூக்கிய கை தூக்கியபடியே சலேத்து நின்றாள். கித்தேரி முகம் முகமாகப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், மணலேறிய கைகளைப் பார்த்தாள். "அடப் பாவிகளா, எனக்கா?" என்று சிரிக்கப் போய், வயிறு வலித்து, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலே மெர்சலின் கயிற்றை விட்டுவிட்டாள். மணி ஆடி நின்றது. ஓசை நிற்கவில்லை.

அன்று சாயங்காலமும் நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை. நாற்பதாவது அடியின் ரீங்காரம் ஏறாமல் இறங்காமல், கூரைக்கும் மேகத்துக்கும் நடுவில் நின்றுகொண்டே இருந்தது. மணிக்குச் சாக்கைச் சுற்றிப் பார்த்தார்கள். தச்சர்கள் ஏறி மணியைக் கழற்றி இறக்கி, கோயில் முன்னால் மூன்று பாய்மரக் கம்பை முக்காலி போல நிறுத்தி அதில் தொங்கவிட்டார்கள். மணி இங்கே கிடக்க, ஓசை மணியிலும் இருந்தது, மேலே வெறும் கோபுரத்திலும் இருந்தது. நாற்பத்தொன்றாவது அடி விழுந்தால் அடங்கும் என்று சந்தியாகு அடித்துப் பார்த்தார், பங்குச்சாமியார் அடித்துப் பார்த்தார், ஊரிலேயே வலுவுள்ள கையான சிலுவை தோள் வலிக்க அடித்துப் பார்த்தான். இரும்பு நாக்கு வெண்கலத்தில் இடித்தது கண்ணுக்குத் தெரிந்தது, காதில் ஒன்றும் விழவில்லை. அடித்த கைதான் முடிக்க வேண்டும் போல என்று யாரோ சொன்னார்கள். சொன்னவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏனென்றால் அந்த அடி விழுந்தால் கித்தேரி போய்விடுவாள் என்று சொல்லாமலே எல்லாரும் நம்பினார்கள்.

பிறகென்ன, ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை அந்த ஊர். பாட்டுக் குழுவினர் அந்த ஓசையையே சுதியாக வைத்துக்கொண்டு பாடினார்கள். ஆர்மோனியக்காரருக்குப் பாதி வேலை மிச்சம். கைப்பிள்ளைகள் தாலாட்டில்லாமல் தூங்கின. கருவாட்டில் ஈ உட்காரவில்லை, ஆனால் கருவாடே இல்லாததால் அதனால் ஒரு லாபமும் இல்லை. வெளியூரிலிருந்து போன் பேசுகிறவர்கள், அங்கே என்ன சத்தம் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, கித்தேரிக்கு அடிச்ச மணி. நீ விசயத்தச் சொல்லு" என்றார்கள். வள்ளங்கள் ஏன் போகவில்லை என்று விசாரிக்க வந்த அதிகாரி ஒருவர், ஊரில் துக்கம் என்று எழுதிக்கொண்டு இறந்தவர் பெயரைக் கேட்டார். கித்தேரியே அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பெயரைச் சொல்லி, எழுதியது சரிதானா என்று எட்டியும் பார்த்தாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஆனால் வள்ளம் போகவில்லை. யாரும் சாகவில்லையே, போனால் என்ன என்று ஓரிருவர் பேசிப் பார்த்தார்கள். "அத மணிகிட்டச் சொல்லு வே. அது இன்னும் அடிச்சுக்கிட்டுல்லா இருக்கு. அடிக்கிற மணிக்கு நடுவுல எப்படி வே வள்ளம் தள்ளுவ?" என்றார் ஊர்க்கமிட்டித் தலைவர் லியோன் கொரேரா. சிலுவை மட்டும் தினமும் விடியக்காலம் போய், மணலில் கிடந்த தன் வள்ளத்தில் ஏறி, இஞ்சினைப் பிடித்தபடி பொழுது ஏறும்வரை உட்கார்ந்துவிட்டு வந்தான். ஈரம் காணாத பலகைகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன.

துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுவர வேண்டும். மணி அடித்துவிட்டதால் கித்தேரி வீடு துக்க வீடு. ஆகவே முறைவைத்துச் சோறு வந்தது. முதல் வாரம் கையிருப்பில் இருந்த மீனெல்லாம் குழம்பாக வந்தது. அப்புறம் பருப்பு வந்தது. அப்புறம் கஞ்சியும் துவையலும், அப்புறம் வெறும் கஞ்சி. கொண்டுவந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்று, "அம்மைக்கு இன்னைக்கு எப்படி இருக்கு மக்கா?" என்று மெர்சலினைக் கேட்டார்கள். அன்போடுதான் கேட்டார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. "இன்னைக்கு எந்திரிச்சு உக்காந்தாவ, ரெண்டு வாய் குடிச்சாவ" என்று அவள் சொன்னால், கேட்டவர் முகம் ஒரு நொடி சோர்ந்து, அதற்கப்புறம்தான் மலரும். அந்த ஒரு நொடியை மெர்சலின் பார்த்தாள். ஒவ்வொரு முகத்திலும் பார்த்தாள். முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு, அந்த நொடி வேனைப் பார்த்த அன்று தன் கையிலும் இருந்ததுதானே என்று நினைத்து, ஆத்திரப்படக்கூட வழியில்லாமல் போனது.

முப்பதாம் நாளோ என்னவோ, லியோன் கொரேரா இரண்டு பேரோடு வந்து, உள்ளே வராமல் நின்றார். "நாங்க ஒண்ணும் சொல்லல மக்கா. உங்கம்மா எனக்குக் கூடப் பொறந்தவ மாதிரி. அந்தப் பாக்கி ஒரு அடி இருக்குல்லா, அத எப்ப அடிக்கணும்னு உனக்குத் தோணுதோ அப்ப அடி. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு நடுப்பகலில், ஊர் வெயிலுக்கு ஒதுங்கியிருந்த நேரம் பார்த்து, மெர்சலின் கோயில் முன்னால் போய், மணியின் இரும்பு நாக்கைக் கொக்கியோடு கழற்றி, மடியில் கட்டிக்கொண்டு வந்து, அம்மா படுத்திருந்த கட்டிலுக்கடியில் பழைய சேலைகளுக்குள் திணித்து வைத்துவிட்டாள். இனி யார் நினைத்தாலும் முடியாது. அவளே நினைத்தாலும் முடியாது என்று அவளுக்கு ஒரு எண்ணம். நாக்கு இல்லாத மணி காற்றில் சும்மா ஆடியது. ஊர் அதைப் பார்த்தது. யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கஞ்சி மட்டும் முறை தவறாமல் வந்தது.

ஐம்பத்திரண்டாம் நாள் காலையில் சலேத்து கொண்டுவந்த தூக்குச்சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனாள் மெர்சலின். சலேத்து குடத்தோடு குழாயடிக்குப் போயிருந்தாள். சமையல் கட்டில் சட்டியை வைக்கக் குனிந்தவள், அடுப்புக்குள் பூனை சுருண்டு படுத்திருப்பதைக் கண்டாள். சாம்பலில் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. ஒரு நாளைய சில்லிப்பு இல்லை. தங்கள் வீட்டுக்கு வந்த கஞ்சி எந்த வீட்டு அடுப்பில் எத்தனை பேர் கூடிப் போட்ட அரிசியில் கொதித்ததோ, சலேத்து வீட்டில் அதில் ஒரு கரண்டிகூட நிற்கவில்லை. மெர்சலின் சட்டியை வைத்துவிட்டு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்னட்டி?" என்றாள் கட்டிலில் இருந்த கித்தேரி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி மூச்சு வாங்குத? வா, இப்படி உக்காரு. கட்டில் ஏன் அதிருதுன்னு சொல்லு. இருபது நாளாக் கேக்கணும்னு இருக்கேன். முதுகுக்குக் கீழ வண்டு கெடக்குற மாதிரி இருக்கு."

கித்தேரி தானே சரிந்து, கையை விட்டுத் துழாவி, சேலையை விலக்கி, நாக்கைத் தொட்டாள். தொட்ட விரலில் ஓசை ஏறியது. "மணி நாக்கா?" என்று கேட்டுவிட்டு மகளைப் பார்த்தாள்.

"நான் அடிக்க மாட்டேம்மா. ஊரே பட்டினி கெடந்தாலும் அடிக்க மாட்டேன். அன்னைக்கு அப்பா வந்து சொல்லுறதுக்கு முன்னாலயே அடிச்சுட்டேன். நீ போயிட்டேன்னு நெனச்சதும் கை தானாப் போயிட்டு. நான் தயாரா இருந்திருக்கேம்மா. நான் எப்படிப்பட்டவம்மா?"

"எட்டு மாசம் கூடவே முழிச்சுக் கெடந்த பிள்ளை பின்ன எப்படி இருக்கும்? நானுந்தான் தயாரா இருந்தேன். உங்கப்பன் ஒருத்தன்தான் தயாராகல, அதான் அந்த வேன்ல கொண்டு ஏத்திருக்கான் கிறுக்கன்." கித்தேரி மூச்சு வாங்கிக்கொண்டாள். "அது கெடக்கட்டும். எனக்கு உன் மேல ஒரு கோவம் இருக்கு. அது வேற."

"என்ன?"

"அம்பத்திரண்டு நாளா என் சாவு மணிய நானே கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். வேற என்ன வேலை, எண்ணிப் பாக்கேன். நாப்பதுதான் வருது. நாப்பத்தொண்ணு எங்கட்டி? நோவு வந்த வருசம்னு அத விட்டுட்டியா?"

"எம்மா..."

"அந்த வருசந்தான் நீ என் தலையச் சீவி, கொத்தா முடி வந்ததும் எனக்குத் தெரியாம மடியில சுருட்டி வச்ச. எனக்குத் தெரியும். அந்த வருசந்தான் உங்கப்பன், கல்யாணம் ஆன நாள்லருந்து வாயத் தெறக்காதவன், ஆஸ்பத்திரி வராந்தாவுல எனக்காகப் பாடினான். கழுத கத்துன மாதிரி இருந்துச்சு, நர்ஸெல்லாம் ஓடி வந்துட்டாவ. சின்னப் பிள்ளையில எங்கூட ஒட்டிப் படுத்தவ, ஏழு வருசம் கழிச்சு இந்த வருசந்தான் திரும்ப வந்து படுத்த. வலி இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. வலியோட சேத்து அது எங்கிட்ட இருந்த வருசம். அத நீ எப்படி எண்ணாம விடலாம்? செத்தவுக வயசக் குறைக்கக் கூடாதுன்னு உங்கப்பன் சொல்லித்தரலியா?"

"நீ சாகலயே!"

"அப்ப இன்னும் நல்லது. காதால கேட்டுக்கிடுவேன். எடு அத."

சந்தியாகுவைக் கூப்பிட்டார்கள். அவர் முதலில் முடியாது என்றார், பிறகு சுவரைப் பார்த்து நின்றார், பிறகு பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டார். அவளைத் தூக்க அவருக்கு ஒரு கையே போதுமாக இருந்தது. மெர்சலின் நாக்கை மடியில் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். தெருவில் பார்த்தவர்கள் கூடவே நடந்து வந்தார்கள். கோயில் முற்றத்துக்கு வந்தபோது ஊரே வந்திருந்தது. அவள் கொக்கியை மாட்டினாள். கயிற்றைப் பிடித்தாள். கை வரவில்லை. கித்தேரி கணவன் தோளிலிருந்தபடியே எட்டி, மகளின் கைமேல் தன் கையை வைத்தாள், அந்தக் கையில் கனமே இல்லை, மெர்சலின் கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தாள்.

அந்த அடியின் சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. பெருகி, ஊரைத் தாண்டி உப்பளத்தைத் தாண்டிப் போய், பழைய ரீங்காரத்தையும் கூட்டிக்கொண்டு மெள்ள மெள்ளத் தேய்ந்து அடங்கியது. அதற்கப்புறம் ஒரு அமைதி. ஐம்பத்திரண்டு நாளாகக் கடல் சத்தம் கேட்காமல் இருந்தோம் என்பதே அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. ஒருத்தரும் கடலைப் பார்க்கவில்லை, எல்லாரும் கித்தேரியைப் பார்த்தார்கள். மெர்சலின் கண்ணைத் திறக்கவே இல்லை.

"என்ன எல்லாரும் வாயப் பாக்குதீய?" என்றாள் கித்தேரி. "போயி வள்ளத்தத் தள்ளுங்க."

சிரித்தார்களா அழுதார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு கூச்சல் எழுந்தது. சலேத்து ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். சிலுவை எல்லாருக்கும் முன்னால் ஓடினான். வெடித்த வள்ளத்தில் சேலையும் தாருமாகத் திணித்து அடைத்து, தண்ணீரை இறைத்து இறைத்தே போய் வந்தான். முதல் வலையில் விழுந்த சாளை மீனை லியோன் கொரேரா தன் கையாலேயே கழுவிக் கொண்டுவந்தார். கித்தேரி வீட்டு அடுப்பை மெர்சலின் அன்று மூட்டினாள். அம்மா இரண்டு வாய்தான் சாப்பிட்டாள், உப்பு கூடிப் போச்சு என்று குறையும் சொன்னாள்.

நோவு நிற்கவில்லை. மணி நின்றால் நோவு நிற்கும் என்று யார் சொன்னது? ஐப்பசி மழையைக் கித்தேரி ஜன்னலோரம் படுத்துப் பார்த்தாள். கார்த்திகையில் கொடியேறியபோது நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். நாற்பத்திரண்டு பிறந்துவிட்டது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பத்தொன்பது நாள் கழித்து, வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், வள்ளமெல்லாம் கடலில் இருந்த நேரம், மெர்சலின் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே, கித்தேரி போய்விட்டாள்.

சந்தியாகு மனைவியின் கண்ணை மூடிவிட்டு, முதல்முறையாக முறைப்படி மகளிடம் சொன்னார். "உங்கம்மா போயிட்டா. போய் மணிய அடி மக்கா."

மணி மறுபடியும் கோபுரத்துக்குப் போயிருந்தது. மெர்சலின் கயிற்றைப் பிடித்தாள். எத்தனை அடி என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்பத்தொன்று அடித்தாகிவிட்டது, அம்மாவே கேட்டாகிவிட்டது. ஒரே ஒரு அடி அடித்தாள். கடலில் இருந்தவர்கள் அந்த ஒன்றைக் கேட்டு, அடுத்ததற்குக் காத்து, அடுத்தது வராமல் போனதும் யாரென்று புரிந்துகொண்டு, வலையை இழுத்துப் போட்டு வள்ளங்களைத் திருப்பினார்கள்.

மெர்சலின் கயிற்றை விடாமல் நின்று கேட்டாள். நிற்காதே, நிற்காதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கேட்டாள். அருள் நிறைந்த மரியே பாதி முடிவதற்குள் ஓசை தேய்ந்து, மெலிந்து, மற்ற மணி ஓசைகள் எல்லாம் போகிற மாதிரியே போய்விட்டது. கடல் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இனி எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. அதனால் அவள் அழுதாள்.